ப்ளூஸ் இசைக்கு ஜோடியாக ஆடுவது எப்படி: காதிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

சிகாகோவில் ஒரு தேவாலயத்தின் அடித்தளக் கூடம். வெளியே ஜனவரிப் பனி. கோட்டையும் கையுறையையும் கழற்றி நாற்காலிமேல் போட்டுவிட்டு, முதல் வகுப்புக்கு வந்த பதினைந்து பேர் வட்டமாக நின்றோம். ஆசிரியை பாட்டைப் போட்டார். "இது முடியும்வரை யாரும் ஆட வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்" என்றார். மூன்று நிமிடம் அப்படியே நின்றோம். நான் பலமுறை கேட்டிருந்த பாட்டுதான். ஆனால் பாடகி ஒவ்வொரு வரிக்குப் பிறகும் விடும் இடைவெளி அன்றுதான் என் காதில் விழுந்தது. அந்த இடைவெளியில் கிதார் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்தபோது என் முழங்கால் தானாக அசைந்துகொண்டிருந்தது.

அந்த மாலையிலிருந்து என் கருத்து மாறவில்லை. ப்ளூஸ் நடனத்தில் கற்க வேண்டியதில் முக்கால் பங்கு கேட்பதுதான். இரண்டு பேர் ஒரே பாட்டைச் சேர்ந்து கேட்கிறார்கள். இன்னொருவரின் தோளும் முதுகும் அந்தப் பாட்டை எப்படிக் கேட்கின்றன என்பது உங்கள் உள்ளங்கைக்குத் தெரிகிறது. இந்த நடனம் தரும் சந்தோஷத்தின் ஊற்று அதுதான். ஆகவே வழிகாட்டியையும் அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். முதலில் காது, பிறகு முழங்கால், பிறகு கை, அதற்கப்புறம்தான் கால். நடனமே தெரியாதவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

இது யாருடைய நடனம்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆடினால் ஆட்டமே தவறாகப் போகும். அதனால் கொஞ்சம் வரலாறு.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமைமுறை ஒழிந்த பிறகு வந்த தலைமுறைகளில், கறுப்பின மக்களிடையே பிறந்த இசை ப்ளூஸ். மிசிசிப்பி டெல்டாவின் பருத்தி வயல்களில் வாரம் முழுக்க உழைத்தவர்கள் சனிக்கிழமை இரவு கூடிய இடத்துக்கு ஜூக் ஜாயின்ட் என்று பெயர். வெள்ளையர்களின் அரங்குகளில் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்ட காலம் அது. சாலை பிரியும் இடத்திலோ தோட்டத்தின் ஓரத்திலோ பலகையடித்த ஒரு கொட்டகை. ஒரு கிதார், சில இடங்களில் ஒரு பியானோ, பொரித்த மீன், சாராயம். ஆடக் கிடைக்கும் இடம் ஒரு சின்ன வீட்டின் கூடத்தைவிடப் பெரிதாக இருக்காது. அந்த நெரிசலில் கையை வீச முடியாது, சுழல முடியாது. அடி சுருங்கியது, அசைவு இடுப்புக்கும் முதுகுக்கும் முழங்காலுக்கும் போனது. ஒரு காலை வைத்து மறுகாலைத் தரையோடு இழுத்துவரும் ஸ்லோ டிராக் இப்படிப்பட்ட அறைகளுக்கென்றே அமைந்ததுபோன்ற நடனம். கறுப்பின இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளின் 1911-இல் வெளியிட்ட 'ட்ரீமோனிஷா' என்ற ஓபரா, அதாவது இசை நாடகம், முடிவதே ஒரு ஸ்லோ டிராக்கில்தான். அந்தப் பெயருக்கு அவ்வளவு வயது.

1910-களில் தொடங்கி 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். நடனமும் அவர்களோடு ரயிலேறியது. நியூயார்க்கின் ஹார்லெமில் வாடகைப் பணம் சேராதவர்கள் தங்கள் வீட்டிலேயே ஒரு பியானோக்காரரை அமர்த்தி, வருகிறவர்களிடம் காசு வாங்கி விருந்து நடத்தினார்கள். அங்கேயும் அதே நெரிசல், அதே சின்ன அடிகள். ப்ளூஸ் பாடகரும் கிதார் கலைஞருமான மடி வாட்டர்ஸ் 1943-இல் மிசிசிப்பியிலிருந்து சிகாகோவுக்கு வந்தார். மின்கிதாரைக் கையில் எடுத்தார். தாளம் கனத்தது, ஆட்டத்திலும் துள்ளல் கூடியது.

ஆக, ப்ளூஸ் நடனம் என்பது ஒரு குடும்பப் பெயர். ஸ்லோ டிராக், ஃபிஷ் டெயில், மூச் என்று அதற்குள் பல பிள்ளைகள் உண்டு. இன்று பல நாட்டு நகரங்களிலும் இதை ஆடுகிறார்கள். மெதுவான பாட்டுக்குக் கட்டிப்பிடித்து அசைவதுதானே என்று யாராவது சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வேறெங்கும் இடம் மறுக்கப்பட்ட மக்கள், ஆறு நாள் உழைப்புக்குப் பிறகு தங்களுக்கென்று வைத்துக்கொண்ட ஓர் இரவில் உருவாக்கியது இது. அந்த மரியாதையோடு உள்ளே வாருங்கள்.

முதல் படி: பன்னிரண்டைக் காதால் பிடியுங்கள்

மிகப் பல ப்ளூஸ் பாடல்கள் பன்னிரண்டு பார் கொண்ட ஒரு சுற்றாக ஓடுகின்றன. பார் என்பது தாளத்தின் ஒரு சிறு அளவு. ஒரு பாருக்கு நான்கு தட்டு. ஆக, ஒரு சுற்றுக்கு 48 தட்டு. நிமிடத்துக்கு 80 தட்டு என்ற வேகத்தில் ஒரு சுற்று 36 நொடியில் முடியும். மூன்று நிமிடப் பாட்டில் ஐந்து சுற்று வரும். இந்தக் கணக்கு எதற்கு என்றால், பாட்டு எங்கே திரும்பும் என்று தெரிந்தவருக்குப் பதற்றம் இருக்காது.

அந்தப் பன்னிரண்டு பாரும் மூன்று வரிகளாகப் பிரியும். முதல் வரியைப் பாடுவார்கள். அதையே இரண்டாம் முறை, கொஞ்சம் அழுத்தம் மாற்றிப் பாடுவார்கள். மூன்றாவது வரி அதற்கு முடிவு சொல்லும். நானே கட்டிய ஓர் உதாரணம்:

விடிந்ததும் வண்டி ஏறுவேன், இந்த ஊர் எனக்கு வேண்டாம்.
ஆமாம், விடிந்ததும் வண்டி ஏறுவேன், இந்த ஊர் எனக்கு வேண்டாம்.
டிக்கெட்டுக்குக் காசில்லை என்றால் என்ன, தண்டவாளம் வழி சொல்லும்.

ஒவ்வொரு வரிக்கும் நான்கு பார் கிடைக்கிறது. பாடுகிறவர் அதில் ஏறக்குறைய பாதியைத்தான் எடுத்துக்கொள்வார். மீதிப் பாதியில் ஒரு கருவி பதில் சொல்லும். ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1925-இல் பதிவு செய்த 'செயின்ட் லூயி ப்ளூஸ்' பாட்டைத் தேடிக் கேளுங்கள். அவர் ஒரு வரியைப் பாடி நிறுத்தும் இடத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட், டிரம்பெட் போன்ற ஊதுகருவி, எழுந்து பேசும். அவர் மறுபடி தொடங்கும்போது அடங்கிவிடும். ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிடுவதே இல்லை. நல்ல ஜோடி நடனம் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்தப் பதிவைத்தான் போட்டுக் காட்டுவேன்.

கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இன்னொரு வசதி உண்டு. ப்ளூஸின் தாளம் பெரும்பாலும் ஒவ்வொரு தட்டையும் மூன்றாகப் பிரித்து நடக்கும். நமக்குத் தெரிந்த திஸ்ர நடைதான்: தகிட, தகிட. அதில் நடுவிலுள்ள 'கி'யை விழுங்கிவிட்டு 'த'வையும் 'ட'வையும் மட்டும் சொல்லிப் பாருங்கள். த… ட, த… ட. ஷஃபிள் என்று அவர்கள் சொல்லும் அந்த ஆட்டம் உடம்பில் ஏறிவிடும்.

ஒரு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். பஸ்ஸில் போகும்போது, சமைக்கும்போது, ஒரு பாட்டைப் போட்டுச் சுற்று எப்போது புதிதாகத் தொடங்குகிறது என்று விரலால் குறியுங்கள். எண்ணாமலேயே விரல் சரியான இடத்தில் விழ ஆரம்பிக்கும் நாளில் அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: முழங்கால் இளகட்டும்

பரதநாட்டியத்தின் அரைமண்டியை அறிந்தவர்களுக்கு உடலைத் தாழ்த்தி ஆடுவது புதிதில்லை. ஆனால் அரைமண்டியில் முழங்கால் பக்கவாட்டில் விரிந்து, முதுகு நேராக, உருவம் உறுதியாக நிற்கும். இங்கே முழங்கால் முன்னோக்கி லேசாக மடங்கும், இறுகாது. இடுப்பு ஒரு விரல்கடை பின்னால் போகும், மார்பு அதே அளவு முன்னால் சாயும். கிரிக்கெட்டில் பந்து வரும் நேரத்தில் ஸ்லிப்பில் நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் குனிவதில் கால்வாசி போதும்.

இப்போது ஒவ்வொரு தட்டுக்கும் உடல் சற்றே கீழே இறங்கட்டும். இதைப் பல்ஸ் என்கிறார்கள். பொருத்தமான பெயர், ஏனென்றால் நாடித்துடிப்பைப் போலத்தான் இது பாட்டு முழுக்க ஓய்வில்லாமல் ஓடும். எம்பிக் குதிப்பது இல்லை. எடை தரைக்குள் இறங்குவதுபோல இருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத அளவு சின்னதாக இருந்தாலும் சரி.

அடுத்தது எடை மாற்றம். எல்லாவற்றிலும் முக்கியமான உத்தி இதுதான், பெரும்பாலோர் அரைகுறையாக விட்டுவிடுவதும் இதைத்தான். வலது காலில் நிற்கிறீர்கள் என்றால் முழு எடையும் வலது காலில் இருக்க வேண்டும். சோதனை எளிது: இடது காலைத் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்குங்கள். உடம்பு ஆடாமல், தலை சாயாமல் தூக்க முடிந்தால் எடை முழுதாக மாறிவிட்டது. முடியாவிட்டால் இரண்டு காலிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருக்கிறீர்கள். எதிரில் இருப்பவருக்கு நீங்கள் எந்தக் காலில் நிற்கிறீர்கள் என்பதே தெரியாது. சமையலறையில் வெறுங்காலோடு, தினம் ஐந்து நிமிடம், ஒரு பாட்டு முழுவதும் இடது, வலது, இடது, வலது என்று எடையை மாற்றிக்கொண்டே நில்லுங்கள். வேறு எதுவும் வேண்டாம். என் உறவினர் ஒருவர் தோசை திருப்பிக்கொண்டே பழகினார். இரண்டே வாரத்தில் அவருடைய நடையே மாறிப்போனது.

மூன்றாம் படி: கேட்பது

தமிழில் காதால் கேட்பதற்கும், அனுமதி கேட்பதற்கும் ஒரே சொல். இந்த நடனத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல்லை நான் கண்டதில்லை.

சமூக நடனம் என்றால் ஒரே ஜோடியாக இரவு முழுக்க ஆடுவது இல்லை. ஒரு பாட்டு, அல்லது இரண்டு பாட்டு, பிறகு நன்றி சொல்லிவிட்டு வேறொருவர். யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் அழைக்கலாம். ஆடும்போது அடுத்த அசைவை முன்மொழிகிறவரை லீட் என்றும் அதை எடுத்து வளர்க்கிறவரை ஃபாலோ என்றும் சொல்வார்கள். ஆண்தான் லீட் என்ற கட்டாயம் இன்றைய கூடங்களில் இல்லை. இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். ஃபாலோவாக ஒரு மாதம் ஆடிப் பார்த்தவர் லீட் செய்யும்போது கையை அழுத்திப் பிடிக்க மாட்டார்.

அருகில் போய், கண்ணைப் பார்த்து, "ஆடலாமா?" என்று கேளுங்கள். "இல்லை, நன்றி" என்று பதில் வந்தால் புன்னகைத்து நகர்ந்துவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள். நீங்கள் மறுக்க நேர்ந்தாலும் காரணம் சொல்லக் கடமை இல்லை.

அந்நியரைத் தொட்டு ஆடுவது நம் வீடுகளில் வளர்ந்த பலருக்குக் கூச்சமான விஷயம். எனக்கும் இருந்தது, முதல் மாதம் கையை எங்கே வைப்பது என்பதிலேயே பாதிக் கவனம் போனது. தூரத்தை நீங்களே தீர்மானிக்கலாம் என்று புரிந்தபோதுதான் அது விலகியது. இரு கைகளை மட்டும் பிடித்து, நடுவில் ஒரு முழம் விட்டு ஆடலாம். தோளில் கை வைத்து ஆடலாம். விலா விலாவைத் தொடும் நெருக்கத்திலும் ஆடலாம். இருவரில் யார் அதிக இடம் விரும்புகிறாரோ அவர் விருப்பமே நிற்கும். தொடக்கத்தில் தள்ளி நின்றே ஆடுங்கள். நெருக்கம் இந்த நடனத்தில் ஓர் இசைக் கருவி மட்டும்தான்; பாட்டு முடிந்ததும் அது அங்கேயே முடிந்துவிடும்.

நான்காம் படி: பிடி

எதிரெதிரே நில்லுங்கள். நேருக்கு நேர் வேண்டாம். இருவரும் அவரவர் இடப்பக்கமாகச் சற்று விலகி நின்றால், உங்கள் வலது பாதம் எதிரில் இருப்பவரின் இரு பாதங்களுக்கு நடுவே நோக்கும். கால் மிதிபடாது. லீட்டின் வலது உள்ளங்கை ஃபாலோவின் இடது தோள்பட்டை எலும்பின் மேல் படியும். ஃபாலோவின் இடது கை லீட்டின் மேற்கையின்மீது அமரும். மற்ற இரு கைகளும் தோளுக்குச் சற்றுக் கீழே, முழங்கை தளர, ஒன்றையொன்று தாங்கும்.

இனி சொல்லப்போவது கடினம், ஏனென்றால் அதைத் தொட்டுத்தான் உணர முடியும். கை தொய்ந்து கிடந்தால் செய்தி போய்ச் சேராது. விறைத்தால் செய்தி எல்லாம் உத்தரவாகிவிடும். நீங்களும் இன்னொருவரும் ஒரு மரக்கட்டிலை மாடிப்படியில் ஏற்றியிருக்கிறீர்களா? நான்கைந்து படி ஏறியதும் பேச்சு நின்றுவிடும். அவர் அடுத்த படியில் கால் வைக்கப்போவது கட்டிலின் சட்டம் வழியாகவே உங்கள் கைக்கு வந்துவிடும். அவர் மூச்சு வாங்க நின்றால் நீங்களும் நிற்பீர்கள். அந்த உணர்வுதான் இங்கே கனெக்ஷன் எனப்படுவது, கட்டிலின் பாரம் இல்லாமல். கை தள்ளுவதில்லை, இழுப்பதில்லை. லீட்டின் மார்பு நகர்கிறது, கை அந்த நகர்வை அப்படியே கொண்டு போகிறது.

பயிற்சி: ஃபாலோ கண்ணை மூடிக்கொள்ளட்டும். லீட் பாட்டு இல்லாமல் எடையை இடது, வலது என்று மாற்றட்டும். ஃபாலோ அதே நேரத்தில் மாற்ற வேண்டும். மூன்று நிமிடம் கழித்து இடம் மாறுங்கள். சந்தோஷம் முதல்முதலாகத் தலைகாட்டும் இடம் இது. இருவரின் எடையும் ஒன்றாக இறங்கும் அந்தக் கணத்தில் பலர் வாய்விட்டுச் சிரித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: கால்

இதில் அதிகம் சொல்ல இல்லை. நின்ற இடத்தில் எடை மாற்றுவது ஓர் அடி. பக்கவாட்டில் வைத்து மறுகாலைச் சேர்ப்பது இன்னோர் அடி. நடப்பது, முன்னும் பின்னும். நடந்துகொண்டே ஒரு வளைவில் மெல்லத் திரும்புவது. ஸ்லோ டிராக் வேண்டுமென்றால் ஒரு காலை வைத்துவிட்டு மறுகாலை, பாதத்தின் முன்பகுதி தரையை உரச, இழுத்துக்கொண்டு வாருங்கள். இழுக்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அழகு. மணல்மேல் ஈரத்துணியை இழுக்கும் வேகம்.

இந்த நான்கோடு ஒரு மாலை முழுக்க ஆடலாம். இணையத்தில் பார்த்த சாய்வுகளையும் தூக்கல்களையும் எதிரில் இருப்பவரிடம் கேட்காமல் ஒருபோதும் செய்யாதீர்கள். ஒருவரின் முதுகு அவருடையது.

ஆறாம் படி: நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வகுப்புகளில் குறைவாகச் சொல்லித் தரப்படுவதும், நான் மிகவும் நேசிப்பதும் இதுவே.

அதே அடித்தளக் கூடத்தில், ஐந்தாறு மாதம் கழித்து, அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா என்னை ஆட அழைத்தார். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, தேய்ந்த தோல் செருப்பு. நான் லீட். தெரிந்ததையெல்லாம் காட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் முதல் சுற்றில் அடிமேல் அடி வைத்தேன். இரண்டாம் சுற்றின் முதல் வரியை அடுத்து கிதார் பதில் சொல்லத் தொடங்கியபோது, என் தோளிலிருந்த அவர் கை ஒரு துளி கனத்தது. அவ்வளவுதான். என்னை நிறுத்தவில்லை; தான் இன்னும் அந்தக் கிதாரைக் கேட்டு முடிக்கவில்லை என்று தெரிவித்தார். நான் நின்றேன். எங்கள் இருவரின் முழங்கால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. கிதாரின் கடைசி ஸ்வரம் வளைந்து இறங்கும்போது அவர் தன் எடையை மெல்ல மறுகாலுக்கு மாற்றினார்; நான் அவரைத் தொடர்ந்தேன். யார் லீட், யார் ஃபாலோ என்று அந்த நொடியில் கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. ஆடி முடித்ததும் என் முழங்கையைத் தட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். எங்களுக்குள் பத்து வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை.

இதை எப்படிப் பழகுவது? பாடகர் பாடும் பாதியில் ஆடுங்கள்; கருவி பதில் சொல்லும் பாதியில் கால்களை நிறுத்தி, பல்ஸை மட்டும் வைத்திருங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள். பதினொன்றாம், பன்னிரண்டாம் பாரில் பாட்டு அடுத்த சுற்றுக்குத் திரும்பும். அந்த எட்டுத் தட்டிலும் நின்று, புதிய சுற்றின் முதல் தட்டில் புறப்படுங்கள். நிற்பது காலியான நேரம் என்று தோன்றும். பயப்படாதீர்கள், ஃபாலோ தன் பங்கைச் சொல்வதற்கு வாய்ப்புக் கிடைப்பது அங்கேதான். ஃபாலோவாக ஆடுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: காத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஓர் அடியை இழுத்து நீட்டுங்கள், தோளை உருட்டுங்கள், சற்றே தாமதியுங்கள். நல்ல லீட் அதைக் கேட்பார்.

கூடத்துக்குப் போகும் நாள்

ரப்பர் அடிப்பாகம் தரையைப் பற்றிக்கொண்டு முழங்காலைத் திருகும். தோல் அடிப்பாகம் உள்ள செருப்பு நல்லது. இரண்டு சட்டை எடுத்துப் போங்கள், நடுவில் மாற்றிக்கொள்ளலாம். சின்னத் துண்டு, தண்ணீர் பாட்டில், பல் துலக்கிய வாய். வாசனைத் திரவியம் வேண்டாம். சிலருக்குத் தலைவலி வரும்.

மற்ற ஜோடிகள்மேல் இடித்துவிட்டால், யார் தவறாக இருந்தாலும், மன்னிப்புக் கேளுங்கள். ஆடும்போது எதிரில் இருப்பவருக்குப் பாடம் எடுக்காதீர்கள்; வலித்தால் மட்டும் உடனே சொல்லுங்கள். தொடக்கக்காரர்களோடும் ஆடுங்கள். உங்களோடும் ஒருநாள் யாரோ பொறுமையாக ஆடியிருப்பார்கள்.

வாசித்துக்கொண்டிருக்கும் குழு இருந்தால் அது பெரும் பேறு. ஆடி முடித்ததும் அவர்கள் பக்கம் திரும்பிக் கைதட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. பாட்டின் இறுதி ஸ்வரம் ஒலித்ததும் கையை உதறிவிட்டு நகராதீர்கள். அந்த ஒலி அறைக்குள் அடங்க இரண்டு மூன்று நொடி ஆகும். அதுவரை பிடித்த கை பிடித்தபடி, எடை ஒரே காலில் இருக்க, சேர்ந்து நில்லுங்கள். பிறகு கையை விட்டு, கண்ணைப் பார்த்து நன்றி சொல்லி, அவரை அவர் எழுந்து வந்த நாற்காலிவரை கொண்டுபோய் விடுங்கள். அடுத்த பாட்டு தொடங்கியிருக்கும்.